எருக்கஞ்செடிக்கு வந்த மரியாதை

தார் பாலைவனத்தில் பட்டாம்பூச்சிகளுக்காகத் தோட்டம் போடுவோர் முதலில் மறக்க வேண்டியது புல்வெளியை. அடுத்த வேலை, களை என்று பிடுங்கி எறிந்த செடிகளைத் திரும்ப அழைத்து வருவது.

ஜோத்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 36 செ.மீ. மழை. அதிலும் பெரும்பகுதி ஜூலை முதல் செப்டம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். மேற்கே ஜெய்சல்மேருக்கு 20 செ.மீ.கூடக் கிடைப்பதில்லை. இரண்டு ஊர்களுக்கும் இடையே உள்ள பலோடியில் 2016 மே 19 அன்று வெப்பமானி 51 டிகிரி செல்ஷியஸைத் தொட்டது. இந்தியாவில் அதுவரை பதிவாகாத வெப்பம் அது. குளிர்காலத்திலோ இதே மணலில் இரவு வெப்பம் பூஜ்யத்தை எட்டிப் பார்க்கும். காகிதத்தைவிட மெல்லிய சிறகுகள் கொண்ட ஓர் உயிர் இங்கே குடும்பம் நடத்துகிறது என்றால் நம்புவது கடினம்.

நடத்துகிறது என்பதுதான் உண்மை. மழை பெய்த சில வாரங்களில், ஆகஸ்டு கடைசியில், ஊருக்கு வெளியே ஏதாவது ஒரு எருக்கம்புதர் அருகே கால் மணி நேரம் நின்றால் போதும். ஆரஞ்சுச் சிறகும் கறுப்பு ஓரமுமாக நாலைந்து பட்டாம்பூச்சிகள் அவசரமே இல்லாமல் சுற்றி வரும். ஆங்கிலத்தில் பிளெயின் டைகர் என்றும், தமிழகத்துப் பட்டாம்பூச்சி ஆர்வலர்கள் வெந்தய வரியன் என்றும் அழைக்கும் இனம் இது. அதே நேரத்தில், ஊருக்குள்ளே நாள்தோறும் தண்ணீர் குடிக்கும் பங்களாப் புல்வெளியில் ஒரு சிறகைக்கூடப் பார்க்க முடியாமல் போகலாம். பச்சைக்கும் பட்டாம்பூச்சிக்கும் நேரடித் தொடர்பு இருப்பதாக நினைப்பவர்களுக்கு இது புதிராகத்தான் இருக்கும்.

புதிரை அவிழ்ப்பது எளிது. பட்டாம்பூச்சித் தோட்டம் என்றதும் எல்லோர் மனதிலும் வருவது பூ. ஆனால் பூ என்பது வழிப்போக்கர்களுக்கான டீக்கடை மாதிரி. குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். பட்டாம்பூச்சி ஓர் இடத்தில் தங்க வேண்டுமானால் முட்டையிட இலை வேண்டும். எந்த இலையிலும் இட்டுவிடாது. தாய்ப்பூச்சி இலையின் மேல் உட்கார்ந்து கால்களாலேயே ருசி பார்க்கிறது. தன் வம்சம் தின்னக்கூடிய இலைதான் என்று தெரிந்த பிறகே முட்டை. பிறக்கும் புழு பல இனங்களில் ஒன்றிரண்டு குடும்பத்துச் செடிகளைத் தவிர வேறெதையும் தொடாது. பட்டினி கிடந்து சாகும். பக்கத்துச் செடியில் வாய் வைக்காது. ஆகவே ஜோத்பூர் நர்சரிகளில் காகிதப்பூவும் ரோஜாவும் வண்டி வண்டியாக வாங்கி நட்டவர், பார்க்க அழகான ஆனால் அடுப்பே இல்லாத வீட்டைக் கட்டியவர் ஆகிறார்.

பாலைவனத்தில் அந்த இலைகளைத் தரும் செடிகள் எவை? பட்டியலைப் பார்த்தால் தோட்டக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். எருக்கு, முள் இலந்தை, தேள்கொடுக்கு, கிலுகிலுப்பை, விழுதி, தரையில் படரும் பருப்புக்கீரை. கிட்டத்தட்ட எல்லாமே மண்வெட்டிக்குத் தப்பிப் பிழைத்து வாழ்பவை.

விஷம் குடித்து வளரும் குழந்தை

பட்டியலில் முதலிடம் எருக்குக்கு. ராஜஸ்தானில் 'ஆக்' என்று அழைக்கப்படுவது, தமிழகத்துச் சாலையோரங்களில் அதிகம் காணப்படும் எருக்கின் பங்காளி. பூ சற்றுச் சிறியது, இதழ் நுனியில் ஊதா. மற்றபடி அதே சாம்பல் பூசிய தடித்த இலை, அதே பால். இங்கே பிள்ளையாருக்கு மாலையாகும் எருக்கு, வடக்கே அனுமாருக்குப் போகிறது. இந்த ஒருநாள் மரியாதையைத் தவிர மனிதர்களிடம் அதற்கு வேறு மதிப்பு கிடையாது. பசியெடுத்த ஆடுகூட அநேகமாக ஒதுங்கிப் போகும்.

ஒதுங்கக் காரணம் அந்தப் பாலில் உள்ள விஷம். இதயத் துடிப்பையே தடுமாற வைக்கும் வகையைச் சேர்ந்தது. வெந்தய வரியனின் புழு இதைத்தான் தின்று வளர்கிறது. தாய்ப்பூச்சி இலையின் அடிப்பக்கத்தில் ஒவ்வொன்றாக முட்டை வைக்கிறது. சில நாட்களில் வெளிவரும் புழுவுக்குக் கறுப்பு, மஞ்சள், வெள்ளை வளையங்கள். முதுகில் மூன்று ஜோடிக் கறுப்புக் கொம்புகள். பால் பீறிட்டு வாயை ஒட்டிவிடாமல் இருக்க, முதலில் இலை நரம்பைக் கடித்துப் பாலை வடியவிட்டுப் பிறகு சாப்பிடத் தொடங்கும் சாமர்த்தியம் அதற்கு உண்டு. இரண்டு வாரத்தில் கொழுத்து, கூட்டுப்புழுவாகித் தொங்கி, சிறகு முளைத்து வரும்போது புழுப் பருவத்தில் சேர்த்த விஷம் உடம்பில் இருக்கிறது. ஒருமுறை கொத்திப் பார்த்து வாந்தியெடுத்த பறவை மறுமுறை அந்த ஆரஞ்சு நிறத்தின் பக்கம் திரும்பாது. வெந்தய வரியன் பறப்பதில் அவசரம் தெரியாததற்குக் காரணம் இதுதான்.

இந்தப் பாதுகாப்பைத் திருடி வாழும் இன்னொரு பூச்சியும் பாலைவனத்தில் உண்டு. டனாயிட் எக்ஃப்ளை என்ற இனத்தின் ஆண் கறுப்பு. சிறகில் நிலாவைப் போல வெள்ளை வட்டங்கள். பெண்ணோ அப்படியே வெந்தய வரியனின் நகல். விஷம் ஒரு துளியும் கிடையாது, வேஷம் மட்டுமே. இதன் புழு தின்பது பருப்புக்கீரையை. ஆக, ஓர் எருக்கம்புதரும் அதன் காலடியில் கொஞ்சம் பருப்புக்கீரையும் இருந்தால் அசலும் போலியும் ஒரே இடத்தில் கிடைத்துவிடும். செலவு? ஒரு ரூபாய்கூட இல்லை. மழை முடிந்ததும் இரண்டும் தாமாகவே முளைக்கும். பிடுங்காமல் இருந்தால் போதும்.

பிடுங்காமல் இருப்பதுதான் சிரமம். எருக்கின் இலைகள் ஓட்டை ஓட்டையாகத் தோன்றத் தொடங்கியதும் தோட்டக்காரரின் கை மருந்துப் புட்டியைத் தேடும். பட்டாம்பூச்சித் தோட்டத்தில் இலை ஓட்டையாவதுதான் வெற்றி என்பதை ஏற்றுக்கொள்ள ஒரு தனி மனப்பக்குவம் வேண்டும்.

ராஜா கொடுத்த பட்டம்

பாலைவனத்தின் சொந்தச் செடிகள் இப்படி இளப்பமானதற்கு ஒரு வரலாறு உண்டு. தார் என்றாலே வெறும் மணல், அதைப் பசுமையாக்குவதே புண்ணியம் என்ற எண்ணம் ராஜாக்கள் காலத்திலிருந்தே ஆட்சியில் இருந்தவர்களைப் பிடித்தாட்டியது. தமிழக வாசகர்களுக்கு நன்கு தெரிந்த வில்லன் ஒன்று இங்கேயும் நுழைந்தது: சீமைக்கருவேலம். மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்த இந்த மரத்தை ஜோத்பூர் சமஸ்தானம் 1940ல் 'அரச தாவரம்' என்றே அறிவித்து மரியாதை செய்தது. மார்வாரி மக்கள் வைத்த பெயர் வேறு: 'பாவ்லியா', அதாவது பைத்தியம் பிடித்தது. எது பொருத்தமான பட்டம் என்பதை அடுத்த சில தலைமுறைகள் தெரிந்துகொண்டன. சுதந்திரத்துக்குப் பிறகும் இதே போக்குத்தான். மணல்மேடுகள் நகராமல் தடுக்க 1958ல் இஸ்ரேலிலிருந்து ஒரு கருவேல இனம் கொண்டுவரப்பட்டது. மணல் நின்றது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அந்த மண்ணின் புதர்களும் புற்களும் வளர்ந்திருக்க வேண்டிய இடங்கள் பலவற்றில் அந்நிய மரங்கள் குடியேறிவிட்டன.

இந்தக் கதையைத் திருப்பி எழுத முடியுமா என்பதற்கு ஜோத்பூரிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. மெஹ்ரான்கர் கோட்டையின் அடிவாரத்தில் சுமார் 70 ஹெக்டேர் எரிமலைப் பாறை நிலம். மண் என்று சொல்லிக்கொள்ள அதிகம் இல்லை. பாறை வெடிப்புக்கு வெடிப்பு சீமைக்கருவேலம். 2006ல் கோட்டையைப் பராமரிக்கும் அறக்கட்டளை இந்த இடத்தைப் பிரதீப் கிருஷனிடம் ஒப்படைத்தது. 'மாஸ்ஸி சாகிப்' போன்ற படங்களை இயக்கியவர், பிறகு சினிமாவை விட்டு மரங்களின் பின்னால் போனவர். டெல்லி மரங்களைப் பற்றி இவர் எழுதிய நூல் அதே 2006ல்தான் வெளியானது.

சீமைக்கருவேலத்தை வெட்டினால் போகாது. வெட்டிய இடத்தில் நாலாய்த் துளிர்க்கும். வேர் முடிச்சைத் தோண்டியெடுக்க வேண்டும். ஆனால் வேர் இருப்பதோ பாறைக்குள்ளே. கடைசியில் கைகொடுத்தவர்கள் அந்தப் பகுதியில் தலைமுறை தலைமுறையாகக் கல் உடைக்கும் கந்த்வாலியா தொழிலாளர்கள். சுத்தியலால் பாறையைத் தட்டி, எழும் ஓசையை வைத்தே எங்கே விரிசல், எங்கே கெட்டி என்று சொல்லக்கூடியவர்கள். ஒவ்வொரு மரமாக உளியால் பாறையைக் குடைந்து வேரை எடுத்தார்கள். அப்படி உண்டான குழிகளே பிறகு நடவுக்குழிகள் ஆயின. அவற்றில் வெளியூர்ச் செடிகள் எதுவும் வைக்கப்படவில்லை. தார் பகுதியின் பாறைகளில் இயற்கையாக வளரும் செடிகளின் விதைகளைத் தேடிச் சேகரித்து, நாற்றாக்கி நட்டார்கள். ராவ் ஜோதா பாலைவனப் பாறைப் பூங்கா என்ற பெயரில் 2011ல் இது பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது.

இது பட்டாம்பூச்சிகளுக்காக அமைக்கப்பட்ட பூங்கா அல்ல. கவனிக்க வேண்டியதே அதைத்தான். வலை கட்டி, பூச்சிகளைக் கொண்டுவந்து விடும் வேலை எதுவும் இங்கே நடக்கவில்லை. சொந்தச் செடி திரும்பியது; அதன் மேல் முட்டையிடும் பூச்சிகளுக்கும் வழி பிறந்தது. மழைக்குப் பிந்தைய வாரங்களில் பூங்காவுக்குப் போகிறவர்கள் பார்ப்பது அதன் பலனைத்தான். ஜெய்ப்பூரில் மணல்மேட்டு நிலத்தில் இதே பிரதீப் கிருஷனின் கைவண்ணத்தில் உருவான கிஷன் பாக் 2021ல் திறக்கப்பட்டது.

எழுபது ஹெக்டேர் நிலமும் அறக்கட்டளையும் எல்லோருக்கும் வாய்க்காதுதான். ஆனால் சூத்திரம் பத்துக்குப் பத்து முற்றத்துக்கும் பொருந்தும்.

யாருக்கு எந்த இலை?

வசதியுள்ள இடமானால் முதலில் நட வேண்டியது 'ஜால்' மரம். 'பீலு' என்றும் சொல்வார்கள். பல் துலக்கும் குச்சிக்குப் பேர்போன மிஸ்வாக் மரமும் இந்த இனமே. தமிழில் இதற்குப் பெயர் உகாய். சங்கப் பாடல்களில் பாலை நிலத்து மரமாக வரும் அதே உகாய். தாரின் கொதிக்கும் கோடையிலும் பச்சை குறையாமல் நிற்கும் வெகு சில மரங்களில் ஒன்று. இதன் இலையை நம்பி 'அராபு' வகைப் பட்டாம்பூச்சிகள் வாழ்கின்றன. வெளிறிய செம்மீன் நிறத்தில் ஒன்று. சிறகின் அடியில் நீலச் சாம்பல் தூவிய இன்னொன்று. இந்தியாவின் மழைக்காடுகளில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காத இனங்கள் இவை. வறண்ட நிலமே இவற்றின் தாயகம். 'பாலைவனத்துக்குப் பட்டாம்பூச்சிகளைக் கொண்டுவருவது' என்ற பேச்சே தவறு என்பதை இந்த அராபுகள் நிரூபிக்கின்றன. அவை எங்கிருந்தும் வர வேண்டியதில்லை.

அடுத்தது 'கேர்'. ராஜஸ்தான் விருந்துகளில் கேர்-சாங்ரி என்ற கறியைச் சாப்பிடாமல் திரும்பிய தமிழர்கள் குறைவு. சாங்ரி என்பது வன்னி மரத்தின் காய். கேர் என்பது இந்த முட்புதரின் பிஞ்சு. பெரும்பாலான நாட்கள் இலையே இல்லாமல் பச்சைக் குச்சிகளாக நிற்கும் செடி, சிவப்பாகப் பூத்துத் தள்ளும்போது தேன் தேடி வரும் பூச்சிகளுக்குக் கொண்டாட்டம். இளந்தளிரில் வரும் சின்னஞ்சிறு இலைகளைத் தின்ன 'பயனீர்' என்ற வெள்ளைப் பட்டாம்பூச்சியின் புழு காத்திருக்கும். கேரின் உறவுக்காரச் செடியான விழுதி தமிழகத்துக் கரிசல் காட்டு வேலிகளிலும் உண்டு. சிறகு நுனியில் ஆரஞ்சும் கருஞ்சிவப்பும் தீட்டிய சிறு பூச்சிகள் அதைத் தேடி வரும்.

'ஜார்பேரி' எனப்படும் முள் இலந்தையின் கதை வேறு. இதன் இலையை உலர்த்தி ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் தீவனமாக்குகிறார்கள். முள்கிளைகளை வெட்டி வேலி போடுகிறார்கள். 'பியரோ' என்ற, வெள்ளையில் கரும்புள்ளி வைத்த நகத்தளவுப் பூச்சிகளின் புழுக்கள் இந்த இலையில் வளர்கின்றன. புழுவின் உடலிலிருந்து இனிப்பு நீர் கசியும். அதைக் குடிக்க எறும்புகள் வரும். வந்த எறும்புகள் சும்மா இருக்காமல் புழுவுக்குக் காவல் நிற்கும். இலந்தையில் எறும்பு மொய்க்கிறது என்று மருந்துத் தூள் போடுகிறவர், காவல்காரரையும் எஜமானரையும் சேர்த்தே கொல்கிறார்.

நிலாவிரைக்குத் தமிழகத்தோடு நேரடிச் சொந்தம் உண்டு. உலகச் சந்தையில் 'திருநெல்வேலி சென்னா' என்ற பெயரிலேயே விற்கப்படும் மலமிளக்கி மூலிகை அது. ராஜஸ்தானில் 'சோனாமுகி' என்ற பெயரில் ஜோத்பூர் வட்டாரத்தில் பயிராகிறது. மஞ்சள் பூப்பூத்து, தண்ணீர் கேட்காமல் வளரும். வெளிர்பச்சை கலந்த வெள்ளையில் வேகமாகப் பறக்கும் 'எமிக்ரன்ட்' பூச்சிகள் இதன் குடும்பத்துச் செடிகளில்தான் முட்டையிடும். முள்ளிச் செடிகள் நீல, மஞ்சள் வசீகரன்களுக்கு. சமையலறைப் பக்கம் ஒரு எலுமிச்சை இருந்தால் அதற்கென்றே எலுமிச்சை அழகி வரும். அதன் இளம்புழு பறவை எச்சம் மாதிரியே இருக்கும். அருவருத்துத் தட்டிவிடாமல் இருப்பது நலம்.

ஒரு எச்சரிக்கை. ராஜஸ்தானின் மாநிலப் பூவான ரோஹிடாவின் பெரிய ஆரஞ்சுப் பூக்களைப் பார்த்து மயங்கி, பட்டாம்பூச்சிக்காக அதை நடுபவர்கள் உண்டு. மரம் அருமையான மரம், நட வேண்டியதும்கூட. ஆனால் அந்த அகன்ற குடுவைப் பூக்கள் முக்கியமாகப் பறவைகளுக்கு விரிக்கும் பந்தி. பட்டாம்பூச்சிக்கு ஏற்றவை சின்னக் குழல் போன்ற பூக்கள் கொத்தாக அமைந்த செடிகள். உட்கார மேடையும் வேண்டும், உறிஞ்ச ஆழமும் வேண்டும். உண்ணிச்செடிப் பூ இதற்குக் கச்சிதம் என்பது உண்மைதான். அது காடுகளை விழுங்கும் வேகமும் எல்லோருக்கும் தெரிந்ததே.

தண்ணீர் கொடுத்தே கொல்லலாம்

பாலைவனச் செடிகள் தாகத்தால் சாவதைவிடத் தோட்டத்தில் அன்பு மிகுதியால் சாவதுதான் அதிகம். கேருக்கும் ஜாலுக்கும் தினமும் குழாயைத் திறந்துவிட்டால் வேர் அழுகும்; பிழைத்தாலும் வேர் மேலேயே தங்கிவிடும். பிறகு ஒரு வாரம் தண்ணீர் நின்றாலே செடி சாயும். வண்டல் மண்ணும் சாணமும் கொட்டிக் குழியை நிரப்புவதும் இதே ரகம்தான். செய்ய வேண்டியது: கோடையிலேயே குழியெடுத்து ஆறவிட வேண்டும். முதல் நல்ல மழை இறங்கியதும் நட வேண்டும். சரிவின் கீழ்ப்பக்கம் பிறை வடிவில் சிறு வரப்பு போட்டால், விழும் கொஞ்ச மழையும் ஓடாமல் செடியின் காலடிக்கு வரும். முதல் இரண்டு ஆண்டு, இடைவெளி விட்டு ஆழமாகத் தண்ணீர். இடைவெளியை நீட்டிக்கொண்டே போய் மூன்றாம் ஆண்டில் நிறுத்திவிடலாம். எலுமிச்சை போன்ற விருந்தாளிகளுக்கு மட்டும் குளியலறைத் தண்ணீர் போதும், சோப்பு அதிகம் கலக்காமல் இருந்தால்.

பட்டாம்பூச்சிக்கும் தண்ணீர் வேண்டும். ஆனால் தொட்டியில் அல்ல. திறந்த நீரில் அதனால் உட்கார முடியாது. கோடையில் பறவைகளுக்காக ராஜஸ்தான் வீடுகளில் மண்சட்டி கட்டித் தொங்கவிடும் வழக்கம் உண்டு, 'பரிண்டா' என்பார்கள். அதிலிருந்து சிந்தும் துளிகளால் கீழே மண் எப்போதும் ஈரமாக இருக்கும். பட்டாம்பூச்சிகள் தேடுவது அந்த ஈரத்தைத்தான், அதில் கரைந்த உப்புக்காக. கூட்டமாக உட்கார்ந்து உறிஞ்சுபவை பெரும்பாலும் ஆண்கள். இனச்சேர்க்கையின்போது அந்த உப்பு பெண்ணுக்குப் போய், அங்கிருந்து முட்டைக்கும் போகிறது. பழைய தட்டு ஒன்றில் மணலும் கூழாங்கல்லும் நிரப்பி, மண்சட்டிக்கு அடியில் வைத்துவிட்டால் சேறு தயார்.

காற்று இன்னொரு எதிரி. மே, ஜூனில் வீசும் புழுதிக் காற்றில் பட்டாம்பூச்சி பறப்பது நடக்காத காரியம். காற்றடிக்கும் பக்கத்தில் கல் சுவரோ, கிராமத்து டாணிகளில் போடுவது போல இலந்தை முள் வேலியோ இருந்தால் உள்ளே அமைதியான ஒரு மூலை கிடைக்கும். குளிர்காலக் காலையில் சிறகை விரித்து வெயில் காய அந்த மூலையில் ஒரு தட்டையான கல். வெயிலில் உடல் சூடேறாமல் பட்டாம்பூச்சியால் எழும்பவே முடியாது.

இனி, துப்புரவுப் பிரியர்கள் கேட்க விரும்பாத விஷயம். மழை போய் இரண்டு மாதத்தில் தேள்கொடுக்கும் கிலுகிலுப்பையும் காய்ந்து சருகாகும். பார்க்கக் குப்பை. ஆனால் காய்ந்த தேள்கொடுக்கை வெந்தய வரியனின் ஆண்பூச்சிகள் மொய்த்துக்கொண்டு சுரண்டுவதைப் பார்க்கலாம். அந்தச் செடிகளில் உள்ள ஒருவகை ரசாயனத்தை உறிஞ்சித்தான் அவை பெண்ணைக் கவரும் வாசனையைத் தயாரிக்கின்றன. அதாவது, கூட்டி எரிக்கப்படும் அந்தக் குப்பை ஒரு வாசனைத் திரவியக் கடை. அதே தேள்கொடுக்கு, பச்சையாக இருந்தபோது, 'கிராஸ் ஜுவல்' என்ற பூச்சியின் புழுவுக்குச் சாப்பாடாகவும் இருந்திருக்கும். ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கிவிடும் இந்தப் பூச்சி இந்தியாவின் மிகச் சிறிய பட்டாம்பூச்சிகளில் ஒன்று. 1,300க்கும் அதிகமான இனங்கள் உள்ள நாட்டில் இது சாதாரணப் பெருமையல்ல.

மருந்து கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் 'இயற்கை' என்ற முத்திரையோடு வரும் வேப்பெண்ணெய்க் கரைசலும் புழுவைக் கொல்லும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. கரையானுக்குப் பயந்து குழியில் ஊற்றும் மருந்தும், நர்சரியிலேயே தெளிக்கப்பட்டு இலையோடு வீட்டுக்கு வரும் மருந்தும் சேர்த்தி. கடையில் வாங்கிய செடியானால் சில மாதம் பொறுத்துப் புதுத்தளிர் வந்த பிறகே அதை நம்பலாம். விதையிலிருந்து வளர்ப்பது உத்தமம். ஜால் கோடையில் பழுக்கும். சிவப்பும் மஞ்சளுமாகச் சந்தைக்கு வரும் பழத்தைத் தின்றுவிட்டு, கொட்டையை உடனே ஊன்றிவிட வேண்டியதுதான்.

எட்டு மாத மௌனம்

இவ்வளவும் செய்த பிறகும் தோட்டம் ஆண்டின் பெரும்பகுதி செத்தது போலத்தான் கிடக்கும். பாலைவனப் பட்டாம்பூச்சிகளின் பெரிய பருவம் ஆகஸ்டு முதல் நவம்பர் வரை. குளிர் விலகும் பிப்ரவரி, மார்ச்சில் இன்னொரு சிறு பருவம். மற்ற மாதங்களில் சில இனங்கள் கூட்டுப்புழுவாகச் சுருண்டு, மழை வரும்வரை காலத்தையே நிறுத்தி வைத்துவிடுகின்றன. சில இனங்கள் ஊரைவிட்டே கிளம்பிவிடும். பயனீர் ஓர் ஊர்சுற்றி. சஹாராவையே கடந்து போகும் 'பெயின்டட் லேடி'யும் தார் வழியாகத் தலைகாட்டும். சுற்றுலா ஹோட்டல்கள் இந்த மௌனத்தை ஏற்காது. பன்னிரண்டு மாதமும் பச்சை வேண்டும், பூ வேண்டும். அங்கே புல்வெளி போகாததற்கும், வறட்சி தாங்கும் என்று சொல்லி கோனோகார்பஸ் போன்ற அந்நிய மரங்கள் வரிசையாக நடப்பட்டதற்கும் இதுதான் காரணம். குஜராத் அரசு 2023ல் கோனோகார்பஸ் நடத் தடை விதித்தது.

தோட்டச் சுவருக்கு வெளியே நடப்பது இன்னும் பெரிய விவகாரம். 'வெற்று நிலம்' என்று அரசுக் கோப்புகளில் எழுதப்படும் இடத்தில்தான் கேரும் ஜாலும் முள் இலந்தையும் நிற்கின்றன. சூரிய மின்சாரத்துக்கு வெயிலும் மலிவான நிலமும் தாரில் ஏராளம். பலோடி அருகே பட்லாவில் உள்ள மின்பூங்கா மட்டுமே 2,245 மெகாவாட் திறன் கொண்டது. சுமார் 14,000 ஏக்கர் பரப்பு. சூரிய மின்சாரம் நாட்டுக்குத் தேவையில்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் தகடுகளுக்கு அடியில் நிலம் மழித்துத் துடைக்கப்படுகிறது. 1730ல் வன்னி மரங்களைக் காக்க 363 பிஷ்ணோய்கள் உயிரைக் கொடுத்த கேஜர்லி கிராமம் இருப்பது ஜோத்பூருக்குப் பக்கத்தில்தான். மின்திட்டங்களுக்காக வன்னி மரங்கள் வெட்டப்படுவதை எதிர்த்து பிகானீர் பகுதி மக்கள் அண்மை ஆண்டுகளில் தெருவுக்கு வந்தார்கள். வன்னிக்காவது குரல் கொடுக்க ஆள் இருக்கிறது. கிலுகிலுப்பைக்காகவும் தேள்கொடுக்குக்காகவும் யார் மறியல் செய்வார்கள்?

அதனால்தான் வீட்டு முற்றங்களும் பள்ளிக்கூட மூலைகளும் ரயில்வே காலி இடங்களும் முக்கியமாகின்றன. தாய்ப்பூச்சிக்கு எழுபது ஹெக்டேர் தேவையில்லை. பறந்து எட்டும் தூரத்தில் அடுத்த எருக்கு இருந்தால் சரி. சிக்கல் நாள்காட்டியில் இருக்கிறது. மார்வாரில் தீபாவளிக்கு முன் வீடும் தெருவும் சுத்தமாக வேண்டும். அரிவாளோடு ஆட்கள் சுவரோரப் புதர்களில் இறங்குவது அக்டோபரில். எருக்கில் கூட்டுப்புழுக்கள் தொங்குவதும், இலந்தையில் எறும்புகள் காவல் நிற்பதும் அதே அக்டோபரில். வெட்டுவதை டிசம்பருக்குத் தள்ளிப்போட முடிந்தால், அல்லது வாசல் பக்கத்தை மட்டும் சுத்தம் செய்துவிட்டுப் பின்பக்கத்தைத் தொடாமல் விட்டால், பூச்சிகளுக்கு நாலைந்து வாரம் கூடுதலாகக் கிடைக்கும். ஒரு தலைமுறை வளர்ந்து பறக்க அது தாராளம்.